அறுபதுக்குள்

ஆசை அறுபதுதான், அதற்குமேல் கூடாது
என்கிறது ஆட்ட விதி.
மேசையில் எழுபத்தொரு சீட்டு கிடக்கிறது.

கடைசி டிராமை ஒஸ்ட்ராவா பணிமனையில் விட்டுவிட்டு வந்து
ஒரு கையுறையை மட்டும் கழற்றியிருக்கிறேன்.
மணி இரண்டு பத்து.
ஜன்னலுக்கு அப்பால் பழைய சுரங்கத்தின் கரிமேடு
உள்ளுக்குள் இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது.
ஊரெல்லாம் பனி,
அதன் உச்சியில் மட்டும் நிற்பதில்லை.

"ஒரே நிறம் போதும் ராட்கா.
சிவப்பை எடு, அடி, வீட்டுக்குப் போ"
என்பான் போர்ஷெக்.
அவன் கட்டு முழுக்க மலையும் பூதமும்.
நாலாவது சுற்றில் ஆட்டத்தை முடித்துவிட்டு
பீருக்குச் சொல்லிவிடுவான்.
கட்டடம் இடிக்கிற கம்பெனியில் கணக்கு எழுதுகிறான்,
வேறெப்படி ஆடுவான்.

எனக்கு ஐந்தும் வேண்டும்.
மலைக்குச் சிவப்பு, காட்டுக்குப் பச்சை,
வயலுக்கு மஞ்சள், கடலுக்கு நீலம்.
பாலைக்கென்று தனிச் சீட்டு அச்சடிக்கவில்லை:
மலையையும் காட்டையும் ஒருசேரச் சாய்த்தால்
ஒரு சொட்டுக் கருப்பு ஊறும்.
அந்த ஒரு சொட்டைப் பார்த்துத்தான்
இந்த ஆட்டத்துக்குள் வந்து விழுந்தேன்.

சரி, கழிக்க வேண்டும்.

இரட்டைத்தலை நாகம் இரண்டும் போகட்டும்.
மூன்று நிறம் கேட்கும்,
மூன்றும் கொடுத்தால் படுத்துத் தூங்கும்.
உப்புக் குதிரைகள் மூன்று. போங்கள்.
கண்ணாடிச் சிறகு ஆந்தையை
எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.
பெட்டிக்குள் அது குப்புற விழுந்தது,
அந்த மட்டுக்கும் நல்லது.
தீக்குரங்குகள் நான்கும் போயின,
கூச்சலில்லாமல்.

அறுபத்தொன்று.

இருபத்துநான்கு நிலம். அதில் கைவைக்க முடியாது.
தண்டவாளத்தைக் குறைத்துவிட்டு
பெட்டியைக் கூட்டும் ஆள் நானல்ல.
மிச்சத்தில் கண் போய் நிற்பது இரண்டு இடத்தில்.

ஒன்று, சதுப்புத் தவளை.
வலிமை சைபர், உயிர் ஒன்று.
வாயைத் திறந்தால் கேட்ட நிறம் கொடுக்கும்,
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
விலை, ஒரு பயணச்சீட்டின் பாதி.

மற்றது அந்திக் கடல்நாகம்.
ஐந்து நிறமும் கேட்கிற ஒரே உயிர்.
அறுநூறு கொருனா,
அந்த மாதம் பல் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டேன்.
விளக்கில் சாய்த்தால் செதிள் செதிலாக எரியும்.
அதற்காகத்தான் ஐந்து நிறம்,
ஐந்து நிறத்துக்காகத்தான் நான்கு தவளை.

மூன்று மணிக்கு நாகத்தை எடுத்து
கழற்றிய கையுறைக்குள் செருகினேன்.
காரணத்தை உருவிய பிறகும்
கட்டு சாயாமல் நின்றது.
அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை, மூடிய ரொட்டிக்கடையின் நிலவறை.
சுவரில் இன்னும் மாவு வாசம்.
எதிரே போர்ஷெக், பூதங்கள், முழங்கை.
முதல் ஆட்டம் என் கையில் வயல், வயல், வயல்.
அறுவடைக்கு ஆளில்லை. தோற்றேன்.
இரண்டாவதில் ஜெயித்தேன், எப்படியென்று கேட்காதீர்கள்.
மூன்றாவது ஆட்டம், ஒன்பதாவது சுற்று:
மலை, காடு, வயல், கடல்,
சாய்த்துப் பார்த்தேன், கருப்பும் ஊறியது.
ஐந்தும் என் முன்னால் வரிசையாக,
பெரியவர்களுக்கு எழுந்து நிற்கும் வகுப்பு மாதிரி.
கட்டிலிருந்து மேல் சீட்டை உருவினேன்.

தவளை.

வைத்தேன். வேறென்ன செய்ய.
போர்ஷெக் சிரித்த சிரிப்பில் பூதமொன்று மேசையிலிருந்து விழுந்தது.
அதைப் பொறுக்கிவந்து அதனாலேயே என்னை முடித்தான்.
பீர் அவன் செலவு.

வீட்டுக்கு வந்து எண்ணினேன்.
ஐம்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன்.
தவளை மூன்றுதான் இருந்தது.

போன் போட்டேன்.
சிவப்பைத் தவிர ஒன்றும் தொடாத மனிதன்
கொஞ்சநேரம் பேசவில்லை.
"சும்மா, பார்க்க எடுத்தேன்" என்றான்.
"திங்கட்கிழமை தருகிறேன்."

"வைத்துக்கொள்" என்றேன்,
அறுபதுக்கு ஒன்று குறைகிற கட்டை
ஒரு கையில் பிடித்தபடி,
மறு கையால்
கையுறையைத் தேடியபடி.