ஐந்தாம் சனி

நெப்ராஸ்காவிலேயே சின்ன மாவட்டங்களில் ஒன்று எங்களுடையது.
மாடுகள் பதினோராயிரம். ஆட்கள் அறுநூற்றுச் சொச்சம்.
ஆகவே கல்யாண உரிமம் எழுதுபவளும் நானே,
மணமுறிவுத் தீர்ப்பில் முத்திரை குத்துபவளும் நானே.
ஒரே ஜன்னல். ஒரே பேனா,
சங்கிலியில் கட்டியது.

லெஸ்டர் குசேராவும் ட்வைலாவும்
முதலில் வந்தது அறுவடைக்கால வெள்ளி ஒன்றில்.
அவன் பூட்ஸில் சோளச் சருகு.
வயதுச் சான்று. இருபத்தைந்து டாலர்.
ரத்த உறவு உண்டா என்று கேட்டேன்.
"இந்த ஊரில் யார்தான் இல்லை?" என்று சிரித்தாள் அவள்.
இல்லை என்று எழுதிக்கொண்டேன்.
உரிமம் ஓராண்டு செல்லும்.
ஒரு மணி நேரம்கூட அவர்கள் வைத்திருக்கவில்லை.

இரண்டாம் முறை ட்வைலா மட்டும்.
யார் குற்றம் என்று இந்த மாநிலம் கேட்பதில்லை.
சேர்க்க முடியாதபடி உடைந்தது
என்று ஒரு வரி போதும்.
அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள்.
குற்றத்தைச் சொல்லத்தான் வந்திருந்தாள் போல;
அதற்கொரு கட்டம் இல்லாததால்
கைப்பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

அவன் கையில் நோட்டீஸ் சேர்ந்தபின் அறுபது நாள்.
ஷெரீப்பின் ஆள் கொண்டுபோனபோது
பசு கன்று ஈன்றுகொண்டிருந்ததாம்.
லெஸ்டருக்கு முழங்கைவரை ஈரம்.
"வேலிமேல் வை" என்றானாம்.
கையில்தான் தரவேண்டும்.
கன்று எழுந்து நிற்கும்வரை
அந்த ஆளும் நின்றிருக்கிறான், தொப்பியைக் கழற்றிக்கொண்டு.

நாய் சொத்துப் பட்டியலில் வந்தது,
வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கும்
ஃப்ரீசருக்கும் நடுவே. லெஸ்டருக்கு.
மேரன், ஏழு வயது, வேறு பக்கம்.
பள்ளியும் மருத்துவமும் இருவர் முடிவு.
வாரநாள் அம்மா வீடு.
முதல், மூன்றாம் சனி ஞாயிறு அப்பாவுக்கு;
இரண்டும் நான்கும் அம்மாவுக்கு.
நன்றிநாள் விருந்து
ஒற்றைப்படை ஆண்டில் அவளுக்கு, இரட்டைப்படையில் இவனுக்கு.
கைமாற்றும் இடம்: நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்,
ஐஸ் பெட்டி அருகில்.
'குழந்தையின் நலன்' பதினான்கு இடத்தில் இருந்தது.
எழுத்துப்பிழை தேடும்போது எண்ணினேன்.

மறுமணம் செய்ய ஆறு மாதம் பொறுக்கவேண்டும் என்றேன்.
நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல்
இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள்.
அன்று அவர்கள் சேர்ந்து செய்தது அது ஒன்றுதான்.

ஏப்ரலில் மேரன் தனியாக வந்தாள்.
பள்ளிப் பேருந்து எங்கள் வாசலில் நிற்கும்.
கையில் தீவனக்கடை நாட்காட்டி.
அப்பா நாட்களுக்குப் பச்சை, அம்மா நாட்களுக்கு ஊதா.
ஒரு சனிக்கிழமை மட்டும் வெள்ளையாக இருந்தது.
"இது அஞ்சாவது. இது யாரோடது?"

கோப்பை எடுத்தேன். பதினேழு பக்கம்.
ஃப்ரீசருக்குள் இருந்த இறைச்சிக்குக்கூட ஒரு வரி உண்டு.
ஐந்தாம் சனியைக் காணோம்.
நீதிபதி, இரண்டு வக்கீல்கள், நான்:
நான்கு பேர் படித்திருக்கிறோம்.

ஜன்னல்மேல் பலகை:
இங்கே சட்ட ஆலோசனை தரப்படமாட்டாது.
எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
"அப்போ என்னோடதா?"

சொன்னால் வேலை போய்விடும்.
பென்சில் சீவியை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன்.
பையைத் துழாவி ஒரு மஞ்சளை எடுத்தாள்.

அந்தச் சனி மாலை டீசல் போடப் போனேன்.
யாரும் சொல்லாமலே இரண்டு பிக்கப்பும் வந்திருந்தன.
எவரும் எஞ்சினை அணைக்கவில்லை.
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து
நாய்க்கு பாதி ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள் மேரன்.
என்னைப் பார்த்தாள்.
முன்பின் தெரியாதவள்போல்
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.