மற்றவை

அந்தப் படிவத்தில்
நிலக்கரிக்கு ஒரு பத்தி இருந்தது,
மாவுக்கு ஒன்று, பீரங்கிக் குண்டுக்கு ஒன்று.
பூனைக்கு இல்லை.
'மற்றவை' என்று எழுதினேன்.
யரோஸ்லாவ்லிலிருந்து. பெட்டிகள் நான்கு.
பெரும்பாலும் புகைநிறம்.
உள்ளிருந்து வந்த சத்தத்தை
எழுத இடமில்லை.

லெனின்கிராத், நாற்பத்து மூன்று, ஏப்ரல்.
நேவாவில் பனிப்பாளங்கள் உடைந்து போய்க்கொண்டிருந்தன.
குறுக்கே போனால் சகுனம் பிசகென்று
பாதி வழியில் வீடு திரும்பியவர்களின் ஊர் இது.
ஒன்றரை வருடமாக
எதுவும் குறுக்கே போகவில்லை,
எலிகளைத் தவிர.
அவை விடியற்கால ஷிஃப்டுக்குப் போவதுபோல
அணி அணியாய் மாவு ஆலைக்குப் போயின.
டிராம் அவற்றுக்காக நின்றது.
நான் அதில் இருந்தேன்.

வரிசை பாலம்வரை.
யாரும் யாரையும் முந்தவில்லை;
ரொட்டிக்கு நின்று பழகிய கால்கள்.
டிராம் பட்டறையில் பற்றவைக்கும் கிளாஃபிரா
கோட்டின் மேல் பொத்தான்கள் இரண்டையும்
வீட்டிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தாள்.
"எதுவானாலும் சரி.
செம்பட்டை மட்டும் வேண்டாம்."

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
பின்னால் நின்ற பொறியாளர்
தன் கையுறையைப் பார்த்தார்.
அவருக்குப் பின்னால் இருந்தவள் ஆற்றைப் பார்த்தாள்.
வரிசை முழுக்க
ஆளுக்கொரு நிறம் இருந்தது.

சாம்பல் ஒன்றைக் கொடுத்தேன்.
கோட்டுக்குள் போயிற்று, ஒரு காது மட்டும் வெளியே.
அந்தக் காதில் ஏதோ சொன்னாள்.
பெயரா, மன்னிப்பா, தெரியவில்லை.

மாலையில் கணக்கு உதைத்தது.
வந்தது இருநூற்று எட்டு.
போனது இருநூற்று ஏழு.
மிச்சம், எடைமேடைத் தட்டில் உட்கார்ந்து
பின்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.
செம்பட்டை.

முள் ஆடி நின்றது: மூன்று கிலோ.
நான் கணக்குப் போடவில்லை,
அது தானாக வந்தது.
அந்த டிசம்பரின் பங்கீடு
தலைக்கு நூற்றிருபத்தைந்து கிராம்.
மூன்று கிலோ என்றால் இருபத்து நான்கு நாள்.
இருபத்து நான்கு நாள் என்றால்
என் தம்பி தீஹன்
புது வருடத்தைப் பார்த்திருப்பான்.
எங்கள் வீட்டில் பூனை வளர்க்கவில்லை.

அது நக்குவதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தது.
இந்த ஊரை அதற்குத் தெரியாது.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ கீச்சிட்டது.
காது திரும்பியது,
பிறகு முதுகு,
பிறகு தட்டு காலி.
முள் பூஜ்யத்தில் வெகுநேரம் நடுங்கியது.

படிவத்தை முடித்து மை ஒற்றினேன்.
மிச்சம்: ஒன்று.
இருப்பிடம்: ஆலைப் பக்கம்.
எடை: பார்க்கவில்லை.