பத்தொன்பதாம் நாள் கள அறிக்கை

பல்லடம் தாண்டி, உடுமலை ரோட்டில்,
நூல் மில் விடுதிக்குப் பின்னால் மைதானம்.
மைதானம் என்பது என் அறிக்கையில் மட்டும்;
சோளத்தட்டு அறுத்த கட்டையோடு
விற்காமல் கிடக்கும் ஒண்ணரை ஏக்கர்.
நூல் தீர்ந்த கோன்கள் நாலு, அவைதான் கோல் கம்பம்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
இரண்டு அணிக்கும் ஏழாவது ஆள்.

வாசலில் ஆறுச்சாமி நோட்டை நீட்டுகிறார்.
"அஞ்சே முக்காலுக்குக் கேட்டைச் சாத்திருவனுங் அம்மிணி,
பொறவு என்னையக் கொற சொல்லப்படாது."
காதோரம் பஞ்சு ஒட்டிய பெண்கள்
வெயிலுக்கு வந்து
கண்ணைச் சுருக்கி ஒருகணம் நிற்கிறார்கள்.

என்னிடம் இருப்பது
முதுகலை சமூகப்பணி, மூன்றாம் பருவம்,
முப்பது நாள்,
ஊதக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு விசில்,
ஒரு படிவம்:
குழு உணர்வு, ஒன்று முதல் ஐந்து.
தன்னம்பிக்கை, ஒன்று முதல் ஐந்து.
நேர்மை, ஒன்று முதல் ஐந்து.

இங்கே நடுவர் கிடையாது.
தப்பு செய்தவளே கையைத் தூக்க வேண்டும்.
லீலாவதி மேடம் இதற்கு
விளையாட்டு வழி சமூக மாற்றம் என்று பெயர் சொல்வார்.
பிள்ளைகள் சொல்வது, 'கைதூக்கி'.

முதல் ஞாயிறு ஒரு கையும் எழவில்லை.
இரண்டாம் ஞாயிறு தெய்வக்கன்னி
எல்லாவற்றுக்கும் தூக்கினாள்.
இடித்ததற்கு, இடிபட்டதற்கு,
காற்று பந்தைத் தள்ளிக்கொண்டு போனதற்கும்.
நேர்மைக்கு நேராக ஐந்து போட்டேன்.
மூலையில் நின்றே மாலையைக் கழித்த
சலோமி டோப்போவுக்கு
தன்னம்பிக்கை, ஒன்று.

இன்று பவளத்துக்கு டபுள் ஷிப்ட்.
ஆள் குறைகிறது, நானே இறங்கினேன்.
சலோமி செருப்பைக் கழற்றி
இரண்டையும் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாள்.
அப்புறம் மூன்று பேரைத் தாண்டிப் போனாள்,
ஸ்பிண்டில்களுக்கு நடுவே நடக்கிற அதே நடையில்.
"எங்கே கத்துக்கிட்டே?"
"ஊர்ல ஹாக்கி. ஜெயிச்சா கிடா தரும்.
நான் மூணு கிடா."

இரண்டுக்கு இரண்டு.
அவள் அடித்த பந்து கோன்களுக்கு நடுவே போக வேண்டியது.
என் முழங்கையில் பட்டு வெளியே போனது.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.
அதாவது,
யாரும் பார்க்கவில்லையா என்று பார்த்தேன்.

கை தொங்கியது.
சலோமி ஒன்றும் சொல்லவில்லை,
பந்தை எடுக்கவும் போகவில்லை.
அப்போது ஒரு கை எழுந்தது.
"நாந்தாக்கா. எங் கையிலதான் பட்டுச்சு."
தெய்வக்கன்னி.
பத்தடி தள்ளி நின்றவள்.

மில்லில் நூல் அறுந்தால்
முதலில் அவள் பேரைத்தான் கூப்பிடுவார்களாம்.
பிறகு யாரோ சொன்னது.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

நான் தூக்கினேன், தாமதமாக.
"ஏனக்கா, இவ்வளவு நேரம்?" என்று ஒருத்தி சிரித்தாள்,
எல்லோரும் சிரித்தார்கள், தெய்வக்கன்னியைத் தவிர.
பெனால்டிக்குப் பந்தை வைப்பதற்குள்
ஆறுச்சாமி கேட்டைத் தட்டினார்.
சலோமி குதிகாலால் மண்ணைக் கீறி
அந்த இடத்தில் ஒரு கோனை நட்டாள்.
"அடுத்த ஞாயிறு வருவீங்களா?
போன வருச அக்கா கடைசி நாள் அழுதாங்க."

பேருந்தில் படிவத்தை மடியில் விரித்தேன்.
ஐந்தை அடித்தேன். வேறு எண் எழுதவில்லை.
ஒன்றையும் அடித்தேன்.
கடைசி வரிக்குக் கீழே கையால் ஒரு கோடு போட்டு
என் பெயரை எழுதினேன்.
ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள்
இருட்டில் கையைத் தூக்கித் தூக்கி இறக்கின.

மீதி பதினொரு நாள்,
அதில் ஒரே ஒரு ஞாயிறு.
பாக்கி, ஒரு பெனால்டி.