எந்த ஒன்பது

இன்று காலை கேள்விக்கு முன்பே
பதில் வந்து கிடந்தது.
ஏழு நாற்பதுக்கு ரத்த வங்கி
‘இரண்டு பை இருக்கிறது’ என்கிறது.
எட்டரைக்குத்தான் பிரசவ வார்டு
‘இருக்கிறதா’ என்று கேட்கிறது.

நிமியா சிரித்தாள்: மருத்துவமனைக்கு
ஞானம் பிறந்துவிட்டதாம்.

ஞானம் இல்லை. என் மறதி.
குளிர்காலத்துக்கென்று இனிக் கடிகாரத்தைப்
பின்தள்ள வேண்டாமென்று
போன அக்டோபரிலேயே பராகுவே முடிவெடுத்துவிட்டது.
மனிதர்களுக்கு வானொலி சொல்லியது,
இயந்திரங்களுக்கு நான் சொல்ல வேண்டும்.
நாற்பத்தாறில் பதினொன்றை விட்டுவிட்டேன்.

விட்டுப்போனவை சனி நள்ளிரவில்
யாரும் கேட்காமலே
ஒரு மணி நேரம் பின்வாங்கி நின்றுகொண்டன.
எக்ஸ்ரே அறைக் கணினியைத் திட்ட மனம் வரவில்லை.
பாவம், பழைய சட்டத்துக்குக்
கடைசிவரை அடங்கி நடந்த குடிமகன்.

‘உங்கள் நாள்காட்டி பொய் சொல்கிறது’
டாக்டர் கோவால்சுக் கத்துகிறார்.
ஒன்பதுக்கு வைத்த அறுவை பத்தில் நிற்கிறதாம்.

பொய் இல்லை டாக்டர்.
ஒன்பது என்று நீங்கள் எழுதினால்
ஒன்பது என்று அது எழுதிக்கொள்வதில்லை.
கிரீன்விச்சில் அப்போது பதின்மூன்று
என்று எழுதிக்கொள்ளும்.
மார்ச் முடிந்தால் நான்கைக் கழிக்கலாம்
என்று நம்பித்தான் எழுதியது.
இப்போது கழிக்க மூன்றுதான் இருக்கிறது.
நீங்கள் சொன்ன எண்ணை விட்டுவிட்டு
கணத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்.
ஒவ்வொன்றிடமும் ஒரே விசாரணை:
நீ எப்போது எழுதப்பட்டாய்?
திருத்தத்தை நான் ஏற்றிய நாளுக்கு முன்பா,
ஒரு மணி முன்னே நகர்.
பின்பா, இருந்த இடத்திலேயே இரு.
மேசைக்கு மேசை அந்த நாளும் வேறு.
இருநூற்று எண்பதை நிரல் நகர்த்தியது.
மிச்சத்துக்கு ஊழியர்கள் யாரோ
தாங்களே கைவைத்து உபகாரம் செய்திருந்தார்கள்.
அவற்றைத் தொலைபேசியில்தான் கேட்க வேண்டும்.

‘அம்மா, நீங்கள் எந்த ஒன்பதுக்கு வருகிறீர்கள்?’
கொரோனெல் போகாதோவில் பஸ் ஏறப்போகிறவள்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு,
‘இங்கே ஒன்றுதான் இருக்கிறது, மகளே.
உங்களிடம் எத்தனை?’

தெரெரேயில் ஐஸ் கரைந்துவிட்டது.
ஜன்னலில் ஆறு, பாலம்,
பாலத்துக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினா.

கடைசிப் பதிவு என்னுடையது.
சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து, ஜூன் முதல் ஆகஸ்ட்.
‘பல் மருத்துவர்’ என்று எழுதியிருக்கிறேன்.
பொசாதாஸில் எதெல்மிரோவுக்குப்
பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது.

குளிர்காலங்களில் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது.
பத்தரைக்கு அவன் வாசலில் விடைபெற்றால்
பத்துக்கெல்லாம் என் வீட்டில் சாவி திருப்புவேன்.
சுங்கத்தில் யாரும் கேட்காத சரக்கு,
பையில் ஒரு மணி நேரம்.
போகும்போது அதைத்தான் கொடுத்துவிட்டுப் போனேன் என்பதை
ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை.

‘நாங்கள் இரண்டு நேரத்தில் இருக்கிறோம்’ என்பான்,
வேறு எதையும் பேச வேண்டியிராதபோது.
இந்த ஜூனில்
இரு கரையிலும் ஒரே மணி அடிக்கும்.
பத்தரைக்குக் கிளம்பினால்
பதினொன்றுக்குத்தான் போய்ச் சேருவேன்,
எல்லாரையும் போல.
அவனும் இனி வேறெதையாவது
பேசித்தான் ஆக வேண்டும்.

பதிவைத் தொட்டேன்.
திரை கேட்கிறது:
இந்த ஒரு சந்திப்பை மட்டும் மாற்றவா,
தொடர் முழுவதையுமா?

கீழே மூன்றாவது சிறிய எழுத்தில்
‘ரத்து’ என்றும் இருக்கிறது.
எதை ரத்து செய்யும் என்று
அதில் தெளிவாகப் போடவில்லை.

எக்ஸ்ரே அறையிலிருந்து மணி அடிக்கிறது.
அங்கே இன்னும் பதினொன்று ஆகவில்லையாம்.