கோரிக்கை எண் இல்லாதது

லெபோ பந்தாயில் மூன்றாம் மாடி.
பதினாறு ஆண்டுகளாக
மற்றவர்களுக்கு நடந்ததைச் சரிபார்ப்பது என் வேலை.
எரிந்த கடை, நனைந்த அரிசி மூட்டை,
வழுக்கி விழுந்ததாகச் சொல்லும் முழங்கால்.
எங்கே, எப்போது, யார் பார்த்தார்கள்,
படம் இருக்கிறதா.
பொய் சொல்பவர்கள் நேரத்தை
நிமிடம்வரை சொல்வார்கள்.

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பத்திரண்டு.
(பாருங்கள், நிமிடம்வரை சொல்கிறேன்.)

பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஃபெரி.
எதிரில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன்
கறிபாப்பைப் பிய்த்து
உருளைக்கிழங்கை மட்டும் தின்றுகொண்டிருந்தான்.
உயிர்காப்பு அங்கிப் பெட்டிமேல் 46 என்று எழுதியிருந்தது.
சிவப்பு மிதவைக்கும் பச்சை மிதவைக்கும் நடுவில்
நான் நின்றுபோனேன்.
மயக்கமில்லை. பையன் இருந்தான், 46 இருந்தது,
டீசல் நாற்றம் இருந்தது.
பார்ப்பதற்கென்று ஒருத்தி மட்டும் இல்லை.
ஆனாலும் எல்லாம் பார்க்கப்பட்டது,
அதுவும் அவ்வளவு பிரியமாக.

'பிரியமாக' என்பதை அடித்துவிட்டு
வேறு சொல் போடப் பார்த்தேன்.
மூன்று வாரம் ஆயிற்று. அப்படியே இருக்கிறது.

தண்ணீர்மலைப் படியில், தைப்பூசத்தன்று வந்திருந்தால்
விபூதி பூசி, எலுமிச்சம்பழம் கொடுத்து
வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.
அதற்கு அங்கே இடமுண்டு, நாளுண்டு, உறுமி உண்டு.
எனக்கு வந்ததோ
வேலைக்குத் தாமதமான ஒரு காலையில்.

டாக்டர் ஊய் தலையில் இருபத்தொரு கம்பி ஒட்டினார்.
விளக்கை மினுக்கினார். மூச்சை இழுத்து விடச் சொன்னார்.
"எல்லாம் நார்மல்."
கோடு துள்ளியிருந்தால் மட்டும் என்ன?
டுரியான் வாசனைக்கும் தலைக்குள் ஓரிடம் மின்னத்தான் செய்யும்,
அதற்காகக் கூடையைத் தூக்கி
யாரும் கடலில் எறிவதில்லை.
ஆனால் டுரியானைப் பக்கத்திலிருப்பவனும் முகர்கிறான்.
கறிபாப் பையனிடம் போய் என்ன கேட்பது?
அவன் கவனமெல்லாம் உருளைக்கிழங்கில்.

அந்த வாரம் வந்த ஒரு முழங்காலை
கேள்வி கேட்காமல் அங்கீகரித்தேன்.
சலோமி கோப்பைத் திருப்பி என் மேசையில் வைத்தாள்,
ஒன்றும் சொல்லாமல்.

இதுவரை எழுதியதெல்லாம் சுற்றுவழி.
நேர்வழியில் தவசீலன் இருக்கிறான்.

என் தம்பி. இருபத்து மூன்று வயதில்
தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து குரல் வருகிறது என்றான்.
குரல் சாப்பிடாதே என்றது. அம்மாவைத் தொடாதே என்றது.
"கேட்கிற மாதிரி இல்லக்கா, கேட்குது."
தஞ்சோங் ரம்புத்தான் பாரத்தில்
உறவு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான்.
காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல்:
இல்லாததைக் கேட்கிறான்.
கை நடுங்கவில்லை.
நிராகரிப்புக் கடிதம் எழுதிப் பழகிய கை.

அதே கையால் எனக்கு மட்டும் அங்கீகாரமா?

அவனுடையது அவனைத் தின்றது,
என்னுடையது ஒரு முழங்காலுக்குப் பணம் தந்தது.
பலனைப் பார்த்துத் தீர்ப்பு எழுதலாம். நல்ல விதிதான்.
ஆனால் கடையை எரித்ததும் நெருப்புத்தான்,
கஞ்சி காய்ச்சியதும் நெருப்புத்தான்.
எது நல்லது என்று கேட்டால் சொல்லிவிடுவேன்.
எது நிஜம் என்பதற்கு
என்னிடம் கட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன்.
மாத்திரையில் தடித்த நாக்கோடு சிரித்தான்.
சட்டை தோளிலிருந்து நழுவிக்கொண்டேயிருந்தது.
சொன்னேன். 46-ஐயும் சொன்னேன்.
பாதியில் எனக்கே குரல் கம்மியது.

"அது உன்னைத் திட்டலையா?"
"இல்ல."
"ஒண்ணும் செய்யச் சொல்லலையா?"
"இல்லடா."

கொஞ்ச நேரம் யோசித்தான்.
"நல்லாருக்கு" என்றான்.
சாட்சி கேட்கவில்லை.
மைலோ பொட்டலத்தை நீட்டி
குழாயைக் குத்தித் தரச் சொன்னான்.