உடையவர் பெயர்

கோட்டை ரயில் நிலையத்தில்
தவறிய பொருட்களின் அறைக்கு
நான் வந்து பதினோரு வருஷம்.
எந்த ரயில், எந்தப் பெட்டி, எத்தனை மணி
எல்லாம் எழுதுவேன்.
‘உடையவர் பெயர்’ என்ற கட்டம் மட்டும்
வெறுமனே கிடக்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் சனம் கூட.
கொச்சிக்கடையில் அந்தோனியாருக்கு
மெழுகுதிரி கொளுத்திவிட்டு
நேரே இங்கே வருவார்கள்.
போன கிழமை ஒரு மனுசி
பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்து
அண்ணாந்து, அழுது,
மின்விசிறிக்கு நன்றி சொன்னாள்.
நான் கையொப்பம் வாங்கினேன்.

பார்சல் பகுதி அலோசியஸ்
தேத்தண்ணியோடு வருவார்.
“உடையவன் இல்லாச் சேலை
ஒரு முழம் கட்டை, தெரியும்தானே மிஸ்?
மேலே ஒருத்தன் இல்லையென்றால்
நீங்களும் நானும்
துண்டு கட்டிய பைகள்.
மூன்று மாதம் வைப்பார்கள்.
பிறகு ஏலம்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கோயிலுக்குப் போவதை எப்போது விட்டேன்?
திகதி எனக்கே தெரியாது.
கோபித்துக்கொண்டு விட்டதில்லை.
ரயிலில் குடையை விடுவது மாதிரித்தான்;
இறங்கி வெகுதூரம் நடந்த பிறகு
கை லேசாக இருந்தது.

ஒக்டோபர். பின்னேரம் நாலரை.
மருதானைப் பக்கமிருந்து வந்த மழை
புறக்கோட்டையை அப்படியே விழுங்கியது.
என் ஜன்னலடியில் ஒரு பெண்.
தோளில் காய்ச்சல் பிள்ளை,
பல்லிடுக்கில் சிறுவர் ஆஸ்பத்திரி அட்டை.
என்ன தொலைத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டேன்.
அட்டையை எடுத்துவிட்டுச் சொன்னாள்:
ஒன்றுமில்லை, கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறேன்.

இலக்கம் 114.
கறுப்புக் குடை, மரப்பிடி,
பொல்கஹவெல வண்டி, நாற்பது நாள்.
கொடுத்தேன்.
சட்டப்படி பிழை.
அது ஒருதரம் முனகியது,
பிறகு முழுதாய் விரிந்தது.
கம்பி ஒன்று வளைந்திருந்தும்
பிள்ளையின் தலையைச் சுற்றி
ஒரு வட்டம் காய்ந்தபடி
தெருவைக் கடந்து பஸ்ஸில் ஏறும்வரை
பார்த்துக்கொண்டு நின்றேன்.
யாருடைய குடை என்று
மழை கேட்கவில்லை.

வெற்றிக் களிப்போடு
அலோசியஸிடம் இதைச் சொன்னேன்.
மனிதர் கெட்டிக்காரர்.
அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து
இலக்கம் 87ஐ மேசையில் வைத்தார்.
பல்லுச் செட். மேல்வரிசை.
மாஜரீன் டப்பாவுக்குள்.
“சரி மிஸ்,
இதை யாருக்குக் கொடுப்பீங்கள்?”

அவர் போனார். விளக்கை அணைத்தேன்.
இருட்டிலும் அது
சிரிப்பது போலத்தான் இருந்தது.
உலகத்தில் அதற்கு ஒரேயொரு வாய்.
அந்த வாய் வராவிட்டால்
பாணுமில்லை, பேச்சுமில்லை,
பதினான்கு பல்லும்
பல் என்ற பெயரும் மட்டும்.

பாணந்துறை ரயிலில் நின்றபடி
நாக்கால் என் பற்களை
எண்ணிக்கொண்டு போனேன்.
இடப்பக்கம் கடல்
இருட்டுக்குள் எதையோ
போட்டுப் போட்டு எடுத்தது.
இல்லை, வலப்பக்கம்.
இத்தனை வருஷம் போய்வந்தும்
அன்றைக்குத் திசை பிசகியது.
பகலில் நான் குடை. அதில் சந்தேகமில்லை.
சில இரவுகளில்தான்
ஒரு குறிப்பிட்ட காலடிக்குக்
காது கொடுத்துக் கிடக்கிறேன்.

குடை திரும்பி வரவில்லை.
பேரேட்டில் 114க்கு நேரே
கட்டம் இன்னும் காலி.
குறிப்பில் எழுதினேன்:
கம்பி ஒன்று வளைவு. மழை தாங்கும்.

87க்கு ஏலத் திகதி தாண்டியிருந்தது.
அதை எழுதவில்லை.
டப்பாவைத் துடைத்து
கதவு திறந்தால் முதலில் தெரிகிற
தட்டில் வைத்தேன்.