பாருக்கு வெளியே ஒரு கப்பல்

பதினோரு மாதமாகக் கப்பலைப்
பாருக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன்.
கூடுதாழைக் கரையில் அதை முதலில் கண்டது யார்
என்பது தீராமல்
நங்கூரம் போட விடுவதில்லை.

ஐஸ் கம்பெனிக்குக் கணக்கு எழுதும் கைதான்.
இரவு மெஷின் ஓய்ந்த பின்
பழைய பேரேட்டின் பின்பக்கத்தில்,
முன்னூறு கட்டி, இருநூறு கட்டி, கடன் என்பதெல்லாம்
மறுபுறமிருந்து துருத்திக்கொண்டிருக்க,
ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலையை
எழுதி எழுதி அடிக்கிறேன்.

முதலில் ஒரு பையனைப் பார்க்க வைத்தேன்.
ஓடினான். கத்தினான்.
எல்லா நாவலிலும் பையன்கள் ஓடுகிறார்கள்.
அடித்தேன்.
பிறகு சங்கு குளிக்கிறவன் ஒருவன்
மூச்சுக்கு மேலே வந்து,
பாதி வானத்தைத் துணி மறைத்திருக்கக் கண்டான்.
நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் நான் போட்ட மாதம் புரட்டாசி.
கச்சான் அடங்கியிருக்காது, கடல் கலங்கிக் கிடக்கும்,
எவன் முங்குவான்?
அடித்தேன்.

கடைசியில் உலகுடையாள் வந்தாள்.
நான் அழைக்கவில்லை.
தேரி மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தாள்,
கடலுக்கு முதுகு காட்டி.
எதையும் பார்க்கவில்லை.
ஊறி நின்ற ஒரு சாண் தண்ணீரில்
நிழல்கள் நீளமாய் விழுந்தபோதுதான் நிமிர்ந்தாள்.

நான்கு பேர்.
உதடு வெடித்து, ஈறு வீங்கி.
ஒருவன் கைக்குள் ஒரு பல்லைப் பொத்தி வைத்திருந்தான்,
அவனுடையதே.
முத்தைக் கேட்கவில்லை; அது ஆறாம் அத்தியாயம்.
உள்ளங்கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனார்கள்.
அதற்குத் துபாஷி வேண்டியிருக்கவில்லை.

‘மெள்ளக் குடி, பொரையேறிரும்’ என்றாள்.
அன்றைய ஊற்று முழுவதும் போயிற்று.
உலைக்கு இல்லை.
அவள் மறுபடி தோண்ட,
பல் விழுந்தவன் முழங்காலில் இருந்து
மணலை அள்ளி அள்ளி அப்பால் போட்டான்.
இந்த வரியை மட்டும் நான் அடிக்கவில்லை.

ஆனால் பேரேடு வைத்திருப்பவனுக்கு
அடுத்த பக்கம் தெரியும்.
தண்ணீருக்குப் பின்னால் பீப்பாய் வரும்.
பீப்பாய்க்குப் பின்னால் கிட்டங்கி, பூட்டு, சாவி.
ஒன்பதாம் அத்தியாயத்தில் கரை முழுவதையும் வரிசையில் நிறுத்தி
ஒரே முற்பகலில் பேர் மாற்றுவார்கள்.
வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும்,
ஆகவே பெண்களுக்கு மூன்றே பேர்.
உலகுடையாளுக்கு மதலேனாள் கிடைத்தது.
முன்னால் நின்றவளுக்கும், பின்னால் நின்றவளுக்கும்.
திரும்பி நடக்கையில் யாரோ
மதலேனாள் என்று கூப்பிட,
மூன்று பேரும் திரும்பவில்லை.

என் பேரின் பின்பாதி மச்சாது.
கரண்ட் பில்லிலும், அப்பாவின் கல்லறையிலும்.
கோடாலி என்று பொருளாம்,
முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.
யாருடைய கோடாலி, எந்த மரத்தில் இறங்கியது
என்று எந்த ஞானஸ்நான ஏட்டிலும் இல்லை.
கரையில் நின்று கப்பலைப் பார்த்து எழுதுகிறேன் என்றுதான் நினைப்பு.
எழுதும் கை எந்தப் பக்கம் நிற்கிறதோ.
இந்த அத்தியாயம் முடிந்தால்
உவரி அந்தோணியாருக்கு
இரண்டு கட்டு மெழுகுதிரி நேர்ந்திருக்கிறேன்.
நீர் எந்தக் கப்பலில் வந்தீர் என்று
அவரிடம் போய் எப்படிக் கேட்க?

நேற்று லாரி வரத் தாமதம்.
பேரேட்டைத் திருப்பினால்
உலகுடையாள் தோண்டுவதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்து நிற்கிறாள்.
வரப்போகும் எதுவும் அவளுக்குத் தெரியாது,
தெரிந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாளோ என்னவோ:
‘எத்தன நாளுலே அங்கேயே போட்டு வச்சிருப்ப?
அவனுவ தாகத்துல கெடக்கானுவ.’

நூற்றிருபது கட்டி, ரொக்கம் என்று
மறுபக்கத்தில் எழுதினேன்.
லாரியிலிருந்து சொட்டிய தண்ணீர்
சாலைவரை கோடு போட்டிருந்தது.